கொடைக்கானல் கண்ணாடித் தகடுகளும் என் கேமராவின் கருப்புப் புள்ளிகளும்

பரீட்சை முடிந்த கையோடு ஒரு வரலாற்றுப் பதிவு. ஆனால் ஆரம்பம் என் சொந்த சோகக் கதைதான்.

ஒரு ஜனவரி இரவு. மதுரை வெளிச்சத்துக்குத் தப்பித்து, அழகர்கோவில் பக்கம் போய் ஓரையன் நெபுலாவைப் படம் எடுத்தேன். லென்ஸை மூடிக்கொண்டு எடுக்க வேண்டிய 'டார்க்' படங்களை மட்டும் சோம்பல்பட்டு மறுநாள் மதியம் வீட்டில் எடுத்தேன். இரண்டையும் கணினியில் கழித்துப் பார்த்தால், வானம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி கருப்புக் குழிகள்!

காரணம் சூடு. ஒளியே படாவிட்டாலும் கேமரா சென்சார் தன் வெப்பத்தாலேயே கொஞ்சம் சிக்னலை உண்டாக்கும். ஏறக்குறைய 6 டிகிரி ஏறினால் அது இரட்டிப்பாகும். மதியச் சூட்டில் எடுத்த டார்க்கில் அந்த அளவு அதிகம். இரவுப் படத்தில் இல்லாததையும் சேர்த்துக் கழித்துவிட்டேன். இருந்த இடத்தில் குழி விழாமல் என்ன செய்யும்?

இந்தத் தலைவலி எனக்கு மட்டும்தானா என்று தேடியபோது, நம்ம ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடும் தூரத்தில் ஒரு நூற்றாண்டுக் கதை கிடைத்தது.

தாது வருஷப் பஞ்சத்தை (1876-78) பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மழை பொய்த்ததற்கும் சூரியப் புள்ளிகளுக்கும் தொடர்பு இருக்குமோ என்று அன்றைய அறிஞர்கள் யோசித்தார்கள். தென்னிந்திய மலை ஒன்றில் சூரியனை ஆராயும் கூடம் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. மிச்சி ஸ்மித் பழனி மலையிலும் நீலகிரியிலும் இடம் பார்த்தார். கொடைக்கானல் தேர்வானது. 1895-ல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1901-ல் நோக்குதல் தொடங்கியது. 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்ததும் இங்கேதான்.

1904 முதல் அங்கே சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். ஆரம்பத்தில் கண்ணாடித் தகடு, பிறகு பிலிம். சிக்கல் இதிலேதான்! ஒளி இரண்டு மடங்கானால் தகடும் சரியாக இரண்டு மடங்கு கருக்கும் என்று சொல்ல முடியாது. இதை ஹர்ட்டர், டிரிஃபீல்ட் என்ற இருவர் 1890-லேயே அளந்து காட்டினார்கள். கால்சியம் ஒளியில் எடுக்கும் கருவியோ, மெல்லிய பிளவு வழியாகச் சூரியனைக் கீற்றுக் கீற்றாகப் பதியும். அந்தப் பிளவில் ஒரு தூசி ஒட்டினால் படத்தின் குறுக்கே நீளக் கோடு விழும்.

அதனால் என்ன என்கிறீர்களா? கால்சியம் படத்தில் பிரகாசமாகத் தெரியும் திட்டுகள் சூரியனின் காந்தப் புலம் வலுவாக இருக்கும் இடங்கள். சூரிய காந்தத்தை நேரடியாக, தொடர்ந்து அளப்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வந்தது. அதற்கு முந்தைய காலத்துக்கு இந்தத் தகடுகளே சாட்சி. கருவியின் குறையைச் சூரியனின் மாற்றம் என்று எடுத்துக்கொண்டால், நூறு வருஷ வரலாறே தப்பாகிவிடும்.

இந்தத் தகடுகளை இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தார் டிஜிட்டல் ஆக்கியபோது என்ன செய்தார்கள் தெரியுமா? தகட்டுக்குப் பின்னால் சீரான ஒளி தரும் கோளத்தை வைத்தார்கள். 4096 × 4096 புள்ளிகள் கொண்ட சிசிடி கேமராவை மைனஸ் 100 டிகிரிக்குக் குளிரவைத்தார்கள். ஒளி சீராக இருக்கிறதா என்பதற்கு 'ஃபிளாட்', கேமராவின் சொந்த சிக்னலுக்குத் தனிக் கழிப்பு. மொட்டைமாடியில் நாம் செய்யும் அதே வேலைதான். நம்மிடம் குளிர்பதனம் இல்லை, அவ்வளவுதான் :)

அவர்களிடம் நான் கற்றதை என் அனுபவத்தோடு சேர்த்துச் சொல்கிறேன்:

1. டார்க் படத்தை அதே இரவில், அதே இடத்தில், அதே நேர அளவில், அதே ஐஎஸ்ஓவில் எடுங்கள். கேமராவிலேயே இருக்கும் 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு தடவை கழியும்.

2. ஃபிளாட்டுக்கு அப்பாவின் வெள்ளை வேட்டி போதும். லென்ஸ் மேல் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, விடியற்கால வானத்தைப் பார்த்து எடுங்கள். அதுவரை ஃபோகஸைத் தொடவே கூடாது. தொட்டால் தூசி நிழல்கள் பொருந்தாது.

3. மூடியைப் போட்டு மிகக் குறைந்த நேரத்தில் எடுப்பது 'பயாஸ்'. வானப் படத்தில் டார்க்கையும், ஃபிளாட்டில் பயாஸையும் கழித்த பிறகே வகுக்க வேண்டும். ஃபிளாட்டில் கழிக்க மறந்தால் படத்தின் மூலைகள் இருட்டாகவே நிற்கும். வானப் படத்தில் மறந்தால் மூலைகள் தேவைக்கு மேல் வெளுக்கும்.

ஒரு விஷயம் மட்டும் நெருடுகிறது. நான் அடுத்த அமாவாசைக்குப் போய் டார்க்கைத் திரும்ப எடுத்துவிட்டேன். 1910-ல் எடுத்த தகட்டுக்கு அன்றைய தூசியை இனி யாரால் படம் எடுக்க முடியும்? ஆராய்ச்சியாளர்கள் அந்தப் படங்களிலிருந்தே குறையை ஊகித்துத் திருத்த வேண்டியிருக்கிறது.

எனவே நண்பர்களே, நட்சத்திரத்தைப் படம் எடுக்கப் போனால், வெறும் இருட்டையும் நாலு படம் எடுத்துவிட்டு வீடு திரும்புங்கள். இல்லாவிட்டால் மறுநாள் குழிகளை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்!