ஆலையின் நுட்பம் வீட்டுக்கு வந்த கதை

பழைய கைராட்டையில் கதிர் ஒன்றே. ஒரு கை சக்கரத்தைச் சுழற்ற, மறு கை பஞ்சை இழுக்கும். நூலின் சீர்மை விரல்களின் பழக்கத்தைப் பொறுத்தது. 1769-இல் இங்கிலாந்தில் ஆர்க்ரைட் காப்புரிமை பெற்ற பொறியில் விரலின் பணியை உருளைகள் ஏற்றன. பின்னுருளையினும் முன்னுருளை விரைந்து சுழல்வதால் பஞ்சு மெலிதாய் நீண்டது. அடுத்த நூற்றாண்டில் அமெரிக்காவில் தோன்றிய வளைய நூற்பு, முறுக்குதலையும் சுற்றுதலையும் ஒருங்கே முடித்தது. ஆலைநூல் மலிந்தது, வீட்டு இராட்டைகள் ஓய்ந்தன.

1929-இல் காந்தியடிகளின் அகில இந்திய நூற்போர் சங்கம் புதிய இராட்டைக்கு ஓர் இலட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. அது குடிசையில் இயங்க வேண்டும். எட்டு மணி நேரத்தில் 16,000 அடி நூல் தர வேண்டும். விலை 150 ரூபாயைத் தாண்டலாகாது. பரிசு எவருக்கும் கிட்டவில்லை.

விடுதலைக்குப் பின் அக்கனவை நனவாக்க முனைந்தவர் தமிழ்நாட்டு ஏகாம்பரநாதன். ஆலையின் உருளைகளையும் வளையத்தையும் கையால் சுழற்றும் சிறு கருவியினுள் அவர் அடக்கினார். அவர் பெயராலேயே அது 'அம்பர் சர்க்கா' எனப்பட்டது. ஒரே கைப்பிடியில் நான்கு கதிர்கள் சுழலும் வடிவமும் பரவியது. 1955-இல் கார்வே குழு அதனை ஆதரித்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்திலும் அது இடம்பெற்றது.

ஆலையின் வேகத்தை அது எட்டவில்லை என்பது உண்மையே. பஞ்சைச் சீரான திரியாக்கும் முன்பணியும் எளிதன்று. ஆயினும், பல கதிர் இராட்டைகள் கதர் நிலையங்களில் இன்றும் சுழல்கின்றன. தொழிற்கூடங்கள் சூழ்ந்த இருங்காட்டுக்கோட்டையில் வாழும் நாம் எண்ணத்தக்கது ஒன்றுண்டு: பொறிநுட்பம் உழைப்பவர் கையை விலக்கியே தீர வேண்டும் என்பதில்லை, அக்கைக்கு வலுவூட்டவும் அதனால் இயலும்.