தாது வருஷப் பஞ்சமும் குழந்தையின் பங்கும்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பஞ்சம் தமிழ் வழக்கில் தாது வருஷப் பஞ்சம் எனப்படுகிறது. அப்பஞ்சத்தில் குடும்பம் பெற்ற இடத்தை நிவாரணக் கூலியின் வழி இக்கட்டுரை நோக்குகிறது.

1877இல் ரிச்சர்டு டெம்பிள் வகுத்த நாட்கூலி, ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் ஆகும். பெண்ணுக்கும் வேலைசெய்யும் குழந்தைக்கும் அதனினும் குறைவு. 'வேலைசெய்யும் குழந்தை' என்பது அன்று கூலிப்பட்டியலில் ஒரு பிரிவு என்பதே நெஞ்சை உறுத்துகிறது. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இக்கூலியை எதிர்த்து, ஒன்றரைப் பவுண்டு தானியமும் பருப்பு, காய்கறியும் வேண்டுமென வாதிட்டார். மாகாண அரசும் அவ்வாண்டிலேயே அளவைச் சற்று உயர்த்தியது. எனினும் இருவர் கணக்கும் தனியுடலின் கணக்கே. உலை ஒன்று, உண்போர் பலர். தாய் தன் பங்கைப் பிள்ளைக்கு ஒதுக்கியிருக்கலாம் என்பது ஊகமே. கூலிப்பட்டியல் அதனைக் காட்டாது. 1881ஆம் ஆண்டின் குடிக்கணக்கோ ஒன்றைக் காட்டுகிறது: பஞ்ச மாவட்டங்களில் அவ்வாண்டுகளில் பிறந்திருக்க வேண்டிய குழந்தைகள் பெரிதும் குறைவு.

வில்லியப்ப பிள்ளையின் 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்' அங்கத நூலாகவே பயிலப்படுகிறது. பசித்து முறையிட்ட மக்களுக்கு மதுரைச் சொக்கநாதர் உணவளிக்கவில்லை. சிவகங்கை மன்னருக்குத் திருமுகம் எழுதிக்கொடுத்து அனுப்புகிறார். இந்நூலை நிவாரண ஆவணங்களோடு இணைத்துப் பயிலுதல் வேண்டும்.