ரக்பி லீக்: ஒரு தேசிய அணி எங்கிருந்து தொடங்குகிறது?

தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் மாலை நேரத்தில் திடலுக்குப் போனால் கிரிக்கெட், கால்பந்து, சில இடங்களில் கபடி பார்க்கலாம். ரக்பியைப் பார்ப்பது அரிது. அந்த ரக்பியிலும் இரண்டு வகை உண்டு.

1895-ல் வட இங்கிலாந்து அணிகள், வேலையை விட்டு விளையாட வரும் தொழிலாளிக்கு இழந்த கூலியை ஈடுகட்ட வேண்டும் என்று கேட்டன. அது மறுக்கப்பட்டதால் தனியே பிரிந்தன. அப்படிப் பிறந்ததுதான் ரக்பி லீக். பழைய வகையான ரக்பி யூனியனில் அணிக்கு 15 பேர். லீக்கில் 13 பேர். பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவது கபடி ஆடியவருக்குப் புதிதல்ல. லீக்கில் ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

இந்த ஆட்டத்துக்குப் புதிய நாடுகள் தேசிய அணி அமைக்க இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, புலம்பெயர்ந்தோர் வழி. பெற்றோரோ பாட்டன் பாட்டியோ பிறந்த நாட்டுக்காகவும் ஒருவர் ஆடலாம் என்பது விதி. லெபனான் அணி ஆஸ்திரேலியாவில் குடியேறிய லெபனான் குடும்பத்துப் பிள்ளைகளைக் கொண்டே எழுந்து, 2000-ல் உலகக் கோப்பையில் ஆடியது. 2017-ல் காலிறுதி வரை சென்றது. லெபனானின் திரிப்போலியில் பிறந்து சிட்னியில் வளர்ந்த ஹாஸிம் அல்மஸ்ரி, நோன்பு வைத்துக்கொண்டே ஆடியவர். 2009-ல் ஓய்வு பெற்றபோது ஆஸ்திரேலிய லீக் வரலாற்றில் மிக அதிகப் புள்ளிகள் எடுத்தவர் அவரே.

இரண்டாவது வழி, உள்ளூர்ப் பிள்ளைகளை வளர்ப்பது. இது மெதுவான வழி. நம் நாட்டின் யூனியன் அணியே சான்று. ஆங்கிலேயரின் கல்கத்தா கால்பந்து மன்றம் 1878-ல் கலைந்தபோது, மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிக் கோப்பை செய்தார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் அதற்காக மோதுகின்றன. ஆனால் இந்திய அணி தன் முதல் சர்வதேசப் போட்டியை ஆடியது 1998-ல்தான். மகளிர் 15 பேர் அணி 2018-ல் தொடங்கி, மறு ஆண்டே சிங்கப்பூரை வென்றது.

கோப்பை இருந்தும் 120 ஆண்டுகள் அணி இல்லை. பள்ளி அணிகளும் பயிற்சியாளர்களும் நடுவர்களும் இல்லாமல் சீருடை மட்டும் தைத்து என்ன பயன்?

பிள்ளை ஆட ஆசைப்பட்டால் பெற்றோர் கேட்க வேண்டியவை மூன்று: பயிற்சியாளர் முறையாகக் கற்றவரா? பல் காப்பு உறை கட்டாயமா? தலையில் அடிபட்டால் உடனே வெளியேற்றுவார்களா? சிறுவர்கள் வீழ்த்தாமல் தொட்டு ஆடும் ரக்பியிலிருந்து தொடங்குவதே நல்லது.