லுணுவிலத் தென்னந்தோப்பும் ஒப்புநோக்கும் நெறியும்

தெற்கே வென்னப்புவ, மாரவில முதலாக வடக்கே கற்பிட்டி ஈறாகப் புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தார் பலரது வாழ்வு தென்னையோடு பிணைந்தது. பசளைக்குச் செலவிட்ட பணம் காயாகத் திரும்புமா என்பது அவர்க்கு நெடுங்காலமாக இருந்துவரும் கவலை. எளிய இக்கேள்விக்கு விடை காண முயன்ற வரலாறே விஞ்ஞானப் பரிசோதனையின் இயல்பை நமக்கு நன்கு புலப்படுத்துவதாகும்.

ஒருவர் தம் தோப்புக்குப் பசளையிட்டார். அடுத்த ஆண்டு காய் பெருகியது. பசளையே காரணம் என்றார். இம்முடிவு ஏற்கத்தக்கதன்று. பாளை வெடித்துக் காய் முற்ற ஏறத்தாழ ஓராண்டு செல்லும். அப்பாளையோ அதற்கும் ஈராண்டுக்கு மேல் முன்னரே குருத்தினுள் கருக்கொண்டுவிடுகிறது. ஆதலின் இன்று பறிக்கும் குலையிற் சென்ற ஆண்டுகளின் மழையும் வறட்சியும் பதிந்துள்ளன. மேலும், கடலோர மணலும் உள்நாட்டுச் செம்பூரான் சரளையும் ஒரு தன்மையன அல்ல. ஒரே நிலத்தில் அருகருகே நிற்கும் இரு மரங்களும் ஒரே அளவாய்க் காய்ப்பதில்லை.

இவ்வாறு வேறுபடத்தக்க ஒவ்வொன்றையும் மாறி என்கிறோம். நாம் வேண்டுமென்றே மாற்றுவது சாரா மாறி. அதன் விளைவாக மாறுவது சார்ந்த மாறி. பசளையின் அளவு முன்னையது. காயின் தொகை பின்னையது. ஏனைய மாறிகளெல்லாம் இரு பக்கத்தும் ஒத்திருக்க, பசளை மட்டும் இடப்படாத பகுதியே கட்டுப்பாடு. அஃதின்றேல் ஒப்புநோக்க எதுவுமில்லை.

இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட்டில் 1843ஆம் ஆண்டு தொடங்கிய கோதுமைப் பரிசோதனையிற் பசளையே பெறாத ஒரு பாத்தி இன்றளவும் பேணப்படுகிறது. 1919இல் அங்குப் பணியேற்ற ஆர். ஏ. பிஷர், கட்டுப்பாடு ஒன்று மட்டும் போதாதெனக் காட்டினார். எப்பாத்திக்கு எப்பசளை என்பதை ஆய்வாளர் விருப்பத்துக்கு விடாது திருவுளச்சீட்டுப் போலத் தற்செயலாய்த் தீர்மானித்தல் வேண்டும். ஒவ்வொன்றையும் பல பாத்திகளில் மீளச் செய்தலும் வேண்டும் என்றார். அவருடன் ரொதம்ஸ்டெட்டில் உழைத்த ரி. ஈடன் பின்னர் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். தேயிலைப் பரிசோதனைகளில் நேரும் பிழைகளை அளவிட்டு 1931இல் அவர் கட்டுரை வெளியிட்டார். புதிய நெறி இவ்வாறு நம் நாட்டுத் தோட்டங்களிற் கால்கொண்டது.

புத்தளம் மாவட்டத்து லுணுவிலவில், பண்டிரிப்புவத் தோட்டத்தில், தெங்கு ஆராய்ச்சித் திட்டம் 1929இல் தொடங்கியது. 1950இல் அது தெங்கு ஆராய்ச்சி நிலையமாயிற்று. அங்கு மண் இரசாயனவியலாளராய் விளங்கிய எம். எல். எம். சல்காடோ பசளைப் பரிசோதனைகளை முன்னின்று நடத்தினார். நைதரசன், பொசுபரசு, பொற்றாசு ஆகிய மூன்றையும் மும்மூன்று அளவில் இட்டால் இருபத்தேழு சேர்க்கைகள் உண்டாம். அவற்றை ஒருங்கே ஆராயும்போது ஒவ்வோர் ஊட்டத்தின் தனிப்பயனும், ஒன்று மற்றொன்றைத் துணைசெய்யும் பாங்கும் ஒரே பரிசோதனையிற் புலனாகின்றன. தென்னைக்குப் பொற்றாசு எத்துணை இன்றியமையாததென்பது இத்தகைய ஆய்வுகளாலேயே உறுதிப்பட்டது.

நெல்லைப்போல ஆண்டுதோறும் புதிதாய் விதைக்கத்தக்கதன்று தென்னை. மரங்களிடையே உள்ள ஏற்றத்தாழ்வை அகற்ற இயலாது. எனவே, பசளையிடுமுன் சில ஆண்டுக் காய்த்தொகையைக் குறித்துவைத்து, அதனைக் கொண்டு பின்னைய விளைவைத் திருத்திக் கணிக்கும் முறை கையாளப்பட்டது. ஒரு பாத்தியின் பசளையை அடுத்த பாத்தியின் வேர் உறிஞ்சாதவாறு இடையே காவல் வரிசை மரங்களும் விடப்பட்டன. அகற்ற முடியாத மாறியை அளந்தேனும் அறிதல் வேண்டும் என்பதே இதன் பொருள்.

நம் கரையோர வழக்கமொன்றை எடுத்து இந்நெறியை உரைத்துப் பார்ப்போம். மரத்தடியிற் குழி வெட்டித் தேங்காய் மட்டையைப் புதைத்தால் மரம் செழிக்கும். மட்டை நீரைத் தேக்குவதனாலா, அதிலுள்ள பொற்றாசினாலா? இரு காரணங்கள் ஒரே குழியிற் கலந்துள்ளன. வெறுங் குழி, மட்டையிட்ட குழி, அம்மட்டையிலுள்ள அளவு பொற்றாசு மட்டும் இட்ட குழி, நன்னீரில் நெடுநாள் ஊறிப் பொற்றாசு கழிந்த மட்டையிட்ட குழி என நான்கையும் பல மரங்களிற் செய்து ஒப்பிட்டாலன்றி விடை கிட்டாது. வெறுங் குழியும் வேண்டும் என்பதை மாணாக்கர் கருதுக. குழி வெட்டி மண்ணைக் கிளறுவதே ஒரு மாறியன்றோ!

கட்டுப்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. பல ஆண்டுகள் பசளையின்றி விடப்படும் மரங்கள் குறைவாய்க் காய்க்கும். அவ்விழப்பைச் சிறு தோட்டக்காரர் தாங்கார். அதனைப் பொதுநிலையமொன்று தன் தோட்டத்தில் ஏற்பதனாலேயே, ஒரேக்கர் உடையவரும் தம் சிறு பணத்தை எதிற் செலவிடலாம் என அறிகின்றார். பசளை பெறாத அம்மரங்கள் காயிற் குறைந்தவை. ஆயினும் மற்றைய மரங்களின் காய்க்குப் பொருள் கூறுபவை அவையே. ஆய்வுகூடத்திற் கட்டுப்பாட்டுக் குழாயைத் தேவையற்றதென ஒதுக்க எண்ணும் மாணாக்கர் லுணுவில மரங்களை நினைப்பாராக.