வாரத்தில் ஒரே ஒரு கிழமை

முடக்குவாதம் என்று உறுதியானதும் மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதும் மருந்து மெத்தோட்ரெக்சேட். சின்ன மஞ்சள் மாத்திரை, விலையும் அதிகமில்லை. மூட்டுவலிக்கென்று யாரும் இதைத் தேடவில்லை. புற்றுநோய்ப் பிரிவிலிருந்து சுற்றி வளைத்து மூட்டுக்கு வந்து சேர்ந்தது.

நியூயார்க் மாநிலம் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வகம்தான் பிறந்த இடம். அங்கே ஆய்வுக்குத் தலைமை வகித்தவர் யெல்லப்பிரகட சுப்பாராவ், பீமவரத்தில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தி வகுப்புக்குப் போய் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானதால், எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார் என்பார்கள். அவர் குழு 1940களில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. பிறகு அதை எதிர்க்கும் பொருள்களையும் தயாரித்தது. அவற்றில் ஒன்றான அமினாப்டெரினை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். சிலருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்த செய்தி 1948-இல் வெளியானது. சுப்பாராவ் இறந்ததும் அதே ஆண்டில்தான். அமினாப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட்.

1951-இல் கப்னர் என்பவரின் குழு அமினாப்டெரினை முடக்குவாத நோயாளிகள் சிலருக்குக் கொடுத்து, வீக்கம் குறைவதைக் கண்டு எழுதியது. ஆனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போது ஊரெல்லாம் கார்டிசோன் பேச்சு. படுக்கையில் கிடந்தவர்களை எழுந்து நடக்கவைத்த மருந்து. 1950-இல் நோபல் பரிசும் வாங்கித் தந்துவிட்டது. அதற்குப் பக்கத்தில் புற்றுநோய் மருந்து எடுபடுமா? மெத்தோட்ரெக்சேட்டைக் கைவிடாமல் காப்பாற்றியவர்கள் தோல் மருத்துவர்கள், சொரியாசிஸுக்காக. தினமும் கொடுத்தால் கல்லீரல் கெடுகிறது, வாரம் ஒருமுறை கொடுத்தால் அந்த அளவுக்குக் கெடுவதில்லை என்று கண்டுகொண்டதும் அவர்கள்தான்.

அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் மருத்துவம் பார்த்த ரெக்ஸ் ஹாஃப்மைஸ்டர், தம் நோயாளிகளுக்கு வாரம் ஒரு ஊசியாக அதைப் போட்டுப் பார்த்து, பல ஆண்டு அனுபவத்தை 1983-இல் எழுதினார். பெரிய பல்கலைக்கழக ஆள் இல்லை; அதனாலேயே தாமதம் என்பது என் எண்ணம். 1985-இல் பாஸ்டனில் வைன்பிளாட் குழு வெறும் 35 நோயாளிகளை வைத்து நடத்திய சோதனை வெளிவந்த பிறகே மற்றவர்களுக்கு நம்பிக்கை வந்தது. 1988-இல் அமெரிக்க மருந்து ஆணையம் முடக்குவாதத்துக்கு அனுமதி தந்தது. 1951-இலிருந்து எண்ணினால் 37 ஆண்டுகள்!

அனுமதி கிடைத்த பிறகுதான் படித்து முடித்த மருத்துவர்களுக்கு மறுபடி படிப்பு ஆரம்பித்தது. மருந்து ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கல்லீரலில் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று தோல் மருத்துவர்களிடமிருந்து கற்றிருந்தார்கள். முடக்குவாத நோயாளிகளுக்கு அது வழக்கமாகத் தேவையில்லை, சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை போதும் என்று 1994-இல் அமெரிக்க வாதநோயியல் கல்லூரி வழிகாட்டியது. ஃபோலிக் அமிலத்தை எதிர்க்கும் மருந்தோடு ஃபோலிக் அமில மாத்திரையையும் சேர்த்துக் கொடு என்ற பாடம் இன்னும் கடினம். கேட்ட மாத்திரத்தில் அபத்தமாகத்தான் படும். கொடுத்துப் பார்த்தால் வாய்ப்புண்ணும் குமட்டலும் குறைகின்றன, மூட்டுக்குக் கிடைக்கும் பலனோ அப்படியே இருக்கிறது. புற்றுநோய்க்குக் கிராம் கணக்கில்கூட ஏற்றும் மருந்தை இங்கே வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரைதான் கொடுக்கிறோம்; இந்தச் சிறிய அளவில் அது வேலை செய்யும் விதமே பெரும்பாலும் வேறு.

மருந்துக்கடை கவுன்ட்டருக்கு வரும்போதுதான் எனக்குப் பயம். நம்மூர்ச் சீட்டு 1-0-1 என்று பேசிப் பழகியது. காலை, மதியம், இரவு என்று மூன்று இடம் உண்டு, கிழமைக்கு இடமில்லை. கடைக்காரர் அட்டையை வெட்டி, பின்பக்கம் பேனாவால் ஒரு கோடு போட்டு, "நைட் சாப்ட்டு ஒண்ணு போடுங்கம்மா" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. பக்கத்திலேயே ஃபோலிக் அமிலம், அதுவும் பெரும்பாலும் மஞ்சள். தினமும் போட்டால் முதலில் வாய் வெந்து புண்ணாகும், பிறகு வெள்ளை அணுக்கள் விழும். உயிரே போயிருக்கிறது. அந்தக் கட்டத்தில் ஃபோலிக் அமில மாத்திரையை நம்பியிருக்க முடியாது. முறிமருந்தான லூக்கோவோரினை ஏற்ற வேண்டும். தவறு எல்லா நாட்டிலும் நடந்திருக்கிறது. அதனால்தான் 2019-இல் ஐரோப்பிய மருந்து முகமை, 'வாரம் ஒருமுறை' என்ற எச்சரிக்கையை அட்டைப்பெட்டியில் தெளிவாக அச்சிடச் சொன்னது. புட்டியில் போட்டு விற்காமல் அட்டையில் மட்டும் விற்கச் சொன்னது. பிரிட்டனில் செவிலியர்கள் திங்கள் மெத்தோட்ரெக்சேட், வெள்ளி ஃபோலிக் அமிலம் என்று, ஆங்கில முதலெழுத்துகள் பொருந்தும்படி சொல்லித் தருகிறார்கள். தமிழில் அந்த எழுத்துப் பொருத்தம் கிடைக்காது. "செவ்வாய்க்கிழமை மட்டும்" என்று சீட்டிலேயே எழுதிவிடுவதுதான் வழி.

படித்ததைப் புதுப்பித்துக்கொள்ள இந்தியாவில் விதிகள் உண்டு. 2002-இன் மருத்துவ நெறிமுறை விதிகள் மருத்துவருக்கு ஐந்தாண்டில் 30 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும் என்கின்றன. 2015-இன் விதிகள் மருந்தாளுநருக்கு அதே ஐந்தாண்டில் இரண்டு புத்தாக்கப் பயிற்சிகளைக் கேட்கின்றன, ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு நாள். ஆனால் பல கடைகளில் கவுன்ட்டரில் நின்று அட்டையை வெட்டித் தரும் பையன் பதிவு பெற்ற மருந்தாளுநர் இல்லை. அவனுக்கு எந்த விதியும் வகுப்பு வைக்கவில்லை.