தெரிவு நாள்

எமது சங்கத்தின் நூறாண்டு வரலாற்றில் தலைவியரும் கட்டட நிதிகளும் முறையாகப் பதியப்பட்டுள்ளனர். நாடகத்துக்கு ஆள் எடுக்கும் நாளில் ஒவ்வொருவராகத் தனிநடிப்புச் செய்து காட்டிய கதை எந்த அறிக்கையிலும் இல்லை. அதை நாம் எழுதி வைக்க விரும்புகிறோம்.

சங்கம் தொடங்கிய காலத்தில் யாழ்ப்பாணத்து மேடைகளில் பெண் வேடம் கட்டியவர்கள் பெரும்பாலும் ஆண்களே. ஒரு பெண் சந்திரமதியாக நின்று அழுவதற்குப் பாடசாலை மண்டபத்தை விட்டால் வேறு இடம் அரிது. அங்கே அரிச்சந்திரனும் நாமே, சுடலை காப்பவனும் நாமே. படிப்பு முடிந்தால் நடிப்பும் முடிந்தது. ஆகவே தெரிவில் விடுபட்டவள் நெடுநாள் அழுதாள்.

பலரும் எடுத்தது கண்ணகியின் வழக்குரை. கூந்தலை விரித்து, நடன வகுப்பில் இரவல் வாங்கிய சலங்கையைத் தரையில் அடித்து, தொண்டை கிழியக் கத்துவோம். எங்கள் ரீச்சர் ஒருவர் பாதியில் நிறுத்தி, “பாண்டியன் எங்கை இருக்கிறார், பிள்ளை?” என்று கேட்டார். நாம் விழித்தோம். கூரையைப் பார்த்தல்லவா கத்தினோம்!

பாண்டியனைக் கடைசி வாங்குக்குச் சற்று மேலே இருத்தக் கற்றோம். பக்கத்தில் இருத்தினால் எம் முகம் சபைக்குத் தெரியாது. தேவி அவருக்கு இடப்புறம். கோபத்தின் உச்சியில் தொடங்கினால் பிறகு ஏற இடமில்லை என்பதால், வாயிலில் நின்றே மெல்லத் தொடங்குவோம். மிகக் கடினமான இடம் பேச்சில்லாத இடம். தன் தேவியின் சிலம்பில் உள்ளவை முத்துகள் என்று பாண்டியன் சொல்கிறார். அதைச் சபை கேட்பதில்லை. எம் முகத்தில்தான் பார்க்கிறது. கண்ணகியின் சிலம்பிலோ மாணிக்கம். வழக்கு வென்றுவிட்டதென அவள் அறியும் கணம் அது. அவசரக்காரிகள் அதைத் தாண்டி ஓடிவிடுவார்கள்.

1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்கள் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியபின், அரங்க விளையாட்டுகளும் உடற்பயிற்சிகளும் மெல்லப் பாடசாலைகளுக்கும் வந்தன. வசனத்தை மனனம் செய்தால் போதும் என்ற காலம் போயிற்று.

1990இன் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் விலையில் இரவில் பாடமாக்குவது கட்டுபடியாகாது. பகலில் கிணற்றடியில் பாடமாக்கினோம். ஒலிபெருக்கியும் இல்லாததால், தெரிவுக்கு உதவிய மூத்த மாணவிகளான நாம் பின்வாங்கில் இருந்து கேட்டோம். ஒருத்தியின் முகம் முத்து என்ற சொல்லைக் கேட்டு அப்படியே நின்றது. குரல் எங்களை எட்டவில்லை. அவளைத் திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுக்க விட்டோம். அன்று அது நியாயமாகத்தான் தெரிந்தது. இன்று அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

நூற்றாண்டு விழா நாடகத்துக்கு இம்முறை காணொளியாகத் தனிநடிப்பு அனுப்பும்படி கேட்டிருந்தோம். கனடாவிலிருந்து ஒன்று வந்தது. குசினிச் சுவர், அடுப்பில் கேத்தில், நரைத்த கூந்தல். அவள்தான். கண்கள் கமராவுக்குச் சற்று மேலே நின்றன. நாம் ஒலியைக் கூட்டவேண்டி இருக்கவில்லை.

கண்ணகி கிடைத்துவிட்டாள். பாண்டியனுக்கு உயரமான ஒருவரை இன்னமும் தேடுகிறோம்.