யா கபீகஜ்!

சேத்தியாத்தோப்பில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை பிடித்துவிட்டால், வெள்ளாற்று அணைக்கட்டின் இரைச்சலோடு வீட்டினுள் ஒரு வாடையும் புகுந்துவிடும். பரண்மீதுள்ள பெட்டியைத் திறந்தால் தெரியும், அது பூஞ்சணத்தின் வாடை! பாட்டனார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபின் ஓரம் நம் கைபட்டதும் பொடியாய் உதிரும்.

இவ்வழிவு புதிதன்று. அண்மையிலுள்ள சிதம்பரத்தில், தேவார ஏடுகளுள் கறையான் தின்று எஞ்சியவையே மீட்கப்பட்டன என்பது சைவர் மரபு. நம் இலக்கியத்தில் மிகப் பழையதாகக் கருதப்படும் பல்சந்தமாலையில் இன்று நம்மிடம் இருப்பவை எட்டுப் பாடல்களே. அவையும் களவியற்காரிகை உரைகாரர் மேற்கோள் காட்டியமையால் பிழைத்தவை.

முன்னோர் வாளாவிருந்தாரல்லர். அரபு, பாரசீக நாட்டு எழுத்தர்கள் நூலின் முதல் தாளிலோ கடைசித் தாளிலோ "யா கபீகஜ்" என்று எழுதி வைத்தனர். கபீகஜ் என்பது ஒரு நச்சுப்பூண்டின் பெயர். அதனைத் தாள்களுக்கிடையே வைத்தால் பூச்சி அணுகாது என்பதே தொடக்க கால வழக்கமாக இருந்திருக்க வேண்டும். காலப்போக்கில் பூண்டு மறைந்தது, பெயர் தங்கிவிட்டது. பூச்சிகளை ஆளும் ஜின்னின் பெயர் அது எனவும் நம்பலாயினர். மருந்தை விட்டுவிட்டு அதன் பெயரைப் பற்றிக்கொள்வது எந்நாட்டிலும் நடப்பதுதானே!

தஞ்சை சரசுவதி மகாலில் மருந்தையே பற்றிக்கொண்டனர். வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, இலவங்கப்பட்டை ஆகியவற்றைப் பொடித்து, கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து ஏடுகளுக்கிடையே வைத்தனர். கருஞ்சீரகத்தின் பெருமையை நம் வாசகர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஓலைகளுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசினர்.

1930-இல் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பொருட்பாதுகாப்புக்கென வேதியியல் ஆய்வுக்கூடம் அமைந்தது. உலக அருங்காட்சியகங்கள் பலவும் அக்காலத்தில் பாஷாணத்தையும், பின்னர் டி.டி.டி.யையும் நம்பின. பூச்சி செத்தது மெய்தான். ஆனால் நஞ்சு பொருளிலேயே தங்கி, தொடுவோர்க்குத் தீங்காயிற்று. ஆகவே இன்று நஞ்சைக் குறைத்து, ஈரத்தைத் தடுப்பதையே முதற்காரியமாகக் கொள்கின்றனர். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் முளைக்கும். பூச்சி கண்ட நூலைப் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் அடைத்து, உறைநிலைக்குக் கீழ் 20 பாகைக் குளிரில் ஓரிரு வாரம் வைத்தால் முட்டையும் மடியும்.

நம் வீட்டில் அவ்வளவு குளிருக்கு எங்கே போவது? பெட்டியை ஈரச்சுவரை விட்டுத் தள்ளி, தரையினின்று உயர்த்தி வைக்கலாம். பூஞ்சணம் கண்ட கிதாபைத் தனியே பிரித்து நிழலில் காற்றாட விட வேண்டும். கடும் வெயில் தாளை முறித்துவிடும். நன்கு உலர்ந்த பின், மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மெல்லிய தூரிகையால் தட்டிவிடலாம். ஈரத்தோடு துடைத்தாலோ கறை தாளுக்குள் இறங்கி எழுத்தையும் கொண்டுபோய்விடும்.